ஆசிரியர் மனமும் நம் கடமையும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

மாதா, பிதா, குரு, தெய்வம் என வரிசைப்படுத்திய சமூகம் நம்முடையது. விஜயதசமியன்று ஏடு தொடக்கி, பிள்ளையின் விரல் பிடித்து அரிசியில் எழுதுவிக்கும் குருவின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். ஆனால், அந்தக் குருவுக்கும் மனம் உண்டு, அதுவும் நோகும் என்பதை எண்ணிப் பார்த்தோமா?

2020 மார்ச் 13இல் கொரோனாக் கொள்ளைநோயால் இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடசாலை மூடியது; ஆசிரியர் பணி மூடவில்லை. கரும்பலகை இருந்த இடத்தில் கைபேசி வந்தது. டேட்டாச் செலவைப் பலர் தம் சம்பளத்திலிருந்தே கொடுத்தனர். மலையகத் தோட்டங்கள் பலவற்றில் சிக்னல் எட்டவில்லை. லயன் வீட்டில் இருந்த ஒரே கைபேசியும் தகப்பனார் வேலை முடிந்து வந்த பிறகே பிள்ளையின் கைக்கு வரும். ஆதலால், ஆசிரியருக்கு இரவு பத்து மணிக்கும் கேள்விகள் வந்தன. பிள்ளையின் கண்ணைப் பார்த்தே விளங்கியதா என்று அறிபவர், முகம் காணாமல் பாடஞ் சொன்னார். வகுப்பில் சேராத பிள்ளை என்ன ஆனதோ என்ற ஏக்கம் ஒருபுறம். தம் வீட்டாரைப் பற்றிய நோயச்சம் மறுபுறம்.

2021 ஜூலை 12 முதல், 24 ஆண்டுக்காலச் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. படிப்புப் பாழாகிறதே என்ற பெற்றோர் கவலை நியாயமானதே. எனினும், வீட்டிலிருந்தே சம்பளம் வாங்குகிறார்கள் என்று ஏசிய வாய்களும் உண்டு. அடுத்த ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டால் பாடசாலைகள் மீண்டும் மூடின. விடுபட்ட பாடங்களின் பாரமும் ஆசிரியர் தோளிலேயே ஏறியது.

தெய்வத்தோடு ஒப்பிட்டுவிட்டோம், தெய்வத்துக்குக் களைப்பு ஏது? ஆகவே, களைத்தேன் என்று சொல்ல ஆசிரியர் நாணுகிறார். நாம் செய்யும் மரியாதையே அவர் வாயைக் கட்டிவிடுகிறது! உலகச் சுகாதார நிறுவனம் 2019இல், தொழிலால் வரும் உளக்களைப்பை ஒரு நோயாகக் கொள்ளாமல், சரிவரக் கையாளப்படாத வேலை நெருக்கடியின் விளைவென்றே வகுத்தது. எனவே, அது ஆளின் பலவீனமன்று. பாரத்தைக் குறைப்பதே முதல் மருந்து.

தோழர்களே, உயர்தரம் முடித்த நாம், பின்தங்கிய பிள்ளைகளுக்கு மாலையில் பாடஞ் சொல்வோம். பெற்றோர்களே, இரவு எட்டு மணிக்குப் பின் ஆசிரியரை அழையாதீர்கள். ஒக்டோபர் 6, ஆசிரியர் தினத்தில் மாலையிடுவதோடு நில்லாமல், "சேர், சுகமா? டீச்சர், நித்திரை கொள்கிறீர்களா?" என்று கேட்டு, பதிலைப் பொறுமையாகச் செவிமடுப்போம். வாரக்கணக்கில் உறக்கமின்றி வாடுவோர்க்குத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் உண்டு. காய்ச்சலுக்கு மருந்தெடுப்பதில் வெட்கமில்லை. மனத்துக்கு மட்டும் ஏன் வெட்கம்? கோயில் வழிபாடு தெம்பு தரும். அது வைத்தியத்துக்குத் தடையன்று.

குருவை வணங்கும் கைகள், அவர் சுமையிலும் ஒரு பங்கைத் தாங்கட்டும்.