கிலோ குறைந்தால் இரத்தத்தைப் பாருங்கள்

(மாதர் அணிக் கூட்டத்தில், தோட்டப் பாடசாலை ஆசிரியையும் சங்க அமைப்பாளருமான ஒருவர் ஆற்றிய உரை)

சங்கக் கூட்டம் என்றால் சம்பளத்தைப் பற்றிப் பேசுவார்கள் என்று நினைத்து வந்திருப்பீர்கள். நானும் சம்பளத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அரைப்பேரைப் பற்றிப் பேசப்போகிறேன். ஆனால் அதற்கு முன்பு நம் உடம்பில் ஓடும் இரத்தத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா இருக்கிறார். பேரும் தோட்டமும் வேண்டாம். நாற்பது வயதுக்குக் கிட்ட. ஒரு காலத்தில் மலையில் முன்னுக்கு நிற்கிற கை. ஒரு வருஷத்துக்குள் அவருடைய கிலோ கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. நோம் 18 கிலோ. அவரால் 14க்கு மேல் எடுக்க முடியவில்லை. கிழமையில் இரண்டு நாள், மூன்று நாள் அரைப்பேர். நிறுவையில் நிற்கும்போது, "என்ன, வீட்டில் தூங்கிவிட்டு வந்தாயா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார்கள். அக்காவும் வயது போகிறது என்றே நினைத்துக்கொண்டார். குறைந்த கிலோவைப் பிடிக்க மத்தியானச் சாப்பாட்டு நேரத்தையும் குறைத்தார். பசி தெரியாமல் இருக்க வெற்றிலை போட்டார். இடுப்பு வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கினார். ஒரு நாள் கூடையோடு மலையில் சரிந்து விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். இரத்தம் பார்த்தால் ஈமோகுளோபின் ஏழரை. மாதவிலக்கு அளவுக்கு மிஞ்சிப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஈமோகுளோபின் என்பது இரத்தத்தின் சிவப்பு. நாம் மூச்சில் இழுக்கும் காற்றில் உள்ள ஒட்சிசனைக் கைக்கும் காலுக்கும் மூளைக்கும் கொண்டுபோய்க் கொடுப்பது அதுதான். பெண்களுக்கு அது 12க்குக் குறையக்கூடாது. கர்ப்பிணிகளுக்கு 11க்கு, ஆண்களுக்கு 13க்குக் குறையக்கூடாது. ஏழரை என்றால், கூடையைச் சுமந்து மலை ஏறுகிறவருக்கு வேண்டியதில் பாதிக்குச் சற்று மேலேதான் இருக்கிறது. அந்த உடம்பிடம்தான் 18 கிலோ கேட்டிருக்கிறார்கள்.

அதனால்தான் சொல்கிறேன்: உங்கள் கிலோ காரணமில்லாமல் இறங்கினால் உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். இரத்தத்தைப் பாருங்கள்.

இந்த நோய்க்கு அடையாளங்கள் உண்டு. முந்தி ஏறிய அதே படியில் மூச்சு வாங்கும். நெஞ்சு படபடக்கும். குனிந்து நிமிர்ந்தால் தலை சுற்றும், கண் இருளும். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளிறி இருக்கும். நாக்கும் நகமும் வெளிறும். சிலருக்குப் பச்சை அரிசி, மண், சுண்ணாம்பு தின்ன ஆசை வரும். அதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். உடம்பில் இரும்புச்சத்து குறைந்திருப்பதன் அடையாளமாக அது இருக்கலாம்.

நமக்கு ஏன் இது அதிகம் வருகிறது? மாதவிலக்கில் இரத்தம் போகிறது. அடுத்தடுத்துப் பிள்ளை பெறும்போது உடம்பு மீளுவதற்கு நேரம் இல்லை. வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவள் அம்மா. மீனும் முட்டையும் அவளுடைய தட்டுக்கு வந்து சேர்வதில்லை. காலையில் ரொட்டியும் சம்பலும், கூடவே தேத்தண்ணி. இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சாப்பாட்டோடு குடிக்கும் தேத்தண்ணி, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைப் பாதிக்கும் மேல் குறைத்துவிடும். தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை. நாம் பறித்த கொழுந்து, நாம் குடிக்காமல் யார் குடிப்பது? சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் விட்டுக் குடியுங்கள். சாப்பாட்டோடு தேசிக்காய்ப் புளி, கொய்யா, நெல்லி என்று ஏதாவது ஒன்று சேருங்கள். அது இரும்புச்சத்தை உடம்பில் ஏற்றிவிடும். நெத்தலிக் கருவாடு, ஈரல், பயறு, கௌபி, முருங்கைக்கீரை, எது கையில் கிடைக்கிறதோ அது அம்மாவுக்கும் வேண்டும்.

இன்னொரு காரணம் கொழுக்கிப்புழு. வெறுங்காலோடு அசுத்தமான மண்ணில் நடந்தால் பாதத் தோலைத் துளைத்து உள்ளே போய், குடலில் இருந்து இரத்தம் குடிக்கும். இது தோட்டத்துக்குப் பழைய விருந்தாளி. 1916இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றத்தின் உதவியோடு இந்தப் புழுவுக்கு எதிரான இயக்கம் இலங்கையில் தொடங்கியபோது, தோட்டங்களில்தான் தொடங்கியது. தொழிலாளியின் உடம்பு தேறினால் தோட்டத்துக்கும் இலாபம் என்பதுதான் அன்று துரைமாருக்குச் சொல்லப்பட்ட நியாயம். நூறு வருஷத்துக்குப் பிறகும் அந்த நியாயம் செல்லும். நிர்வாகத்தோடு பேசும்போது தலைவர்மார் அதை எடுத்துச் சொல்லலாம்.

அண்ணன்மார் இது பெண்களின் நோய் என்று நினைத்துவிட வேண்டாம். ஆண்களுக்கு இரத்தம் குறைந்தால் வயிற்றுப் புண், மூலம் என்று எங்கோ இரத்தம் போகிறதா என்று பார்க்க வேண்டும். முதுகு வலிக்கு டைக்ளோபெனாக், புரூபன் போன்ற மாத்திரைகளை நாள்தோறும் வாங்கி விழுங்குகிறோம். அவை வயிற்றைப் புண்ணாக்கும். வெளியே தெரியாமல் உள்ளே இரத்தம் கசியும். மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனால், அதுவும் இரும்பு மாத்திரை எடுக்காதபோது போனால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இனி, என்ன செய்வது என்று பார்ப்போம்.

முதலில் இரத்தப் பரிசோதனை. கிளினிக்கில் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் பனடோல் தந்து அனுப்பிவிடலாம். "மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது, ஈமோகுளோபின் பார்க்க வேண்டும்" என்று சொல்லுங்கள். மாதவிலக்கு எத்தனை நாள் போகிறது, கட்டி கட்டியாகப் போகிறதா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். டொக்டரிடம் சொல்ல வெட்கமாக இருந்தால் மருத்துவ மாதுவிடம் சொல்லுங்கள். முடிவு வந்ததும் எத்தனை என்று கேட்டு எழுதி வையுங்கள். இரத்தக் குறைவு எல்லாமே இரும்புக் குறைவு அல்ல. தலசீமியா போன்ற பரம்பரைக் காரணங்களும் உண்டு. அதனால் பக்கத்து லயத்து அக்காவின் மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள்.

இரண்டாவது, மாத்திரையை ஒழுங்காக எடுப்பது. தேத்தண்ணியோடும் பாலோடும் விழுங்கினால் பயன் குறையும். தண்ணீரோடு, முடிந்தால் தேசிக்காய்த் தண்ணீரோடு எடுங்கள். கர்ப்பிணிகள் கல்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் வேறு வேறு நேரத்தில் எடுக்க வேண்டும். மலம் கறுக்கும், சிலருக்கு வயிறு புரட்டும், மலச்சிக்கல் வரும். வயிறு புரட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கலாமா என்று கேளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இரத்தம் ஏறிவிட்டது என்று சொன்ன பிறகும் ஏறத்தாழ மூன்று மாதம் எடுத்தால்தான் உடம்பில் சேமிப்பு நிரம்பும். மாத்திரையைச் சிறு பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். குழந்தை அள்ளி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பாடசாலையில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மாத்திரையை அவர்கள் விழுங்குகிறார்களா, வேலிக்கு அப்பால் எறிகிறார்களா என்றும் கேளுங்கள். காலைக் கூட்டத்தில் மயங்கி விழும் பெண் பிள்ளைகளைத் தூக்கிப் பிடிக்கிறவள் நான், அதனால்தான் சொல்கிறேன்.

மூன்றாவது, கணக்கு. ஒரு பழைய கொப்பி போதும். தேதி, எத்தனை கிலோ, முழுப்பேரா அரைப்பேரா, கிளினிக் போன நாள் எது என்று எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் பிள்ளையிடம் சொல்லி எழுதுங்கள். நிர்வாகத்தின் கையில் செக்ரோல் இருக்கிறது. நம் கையிலும் ஒன்று இருக்க வேண்டும்.

நான் சொன்ன அக்காவின் விஷயத்தில் இந்தக் கொப்பிதான் உதவியது. அவருடைய மகள் எழுதி வைத்திருந்தாள். கிலோ எந்த மாதத்தில் இறங்கியது என்பதும், ஆஸ்பத்திரித் துண்டில் இருந்த ஏழரையும் பக்கத்துப் பக்கத்தில் தெரிந்தன. தோட்டக் கமிட்டி அந்த இரண்டையும் கொண்டுபோய் மேசையில் வைத்தது. முதல் தடவை, "எல்லாருக்கும் இப்படிக் கொடுக்க முடியாது" என்று திருப்பி அனுப்பினார்கள். மாதர் அணியில் இருந்து பன்னிரண்டு பேர் இரண்டாம் தடவையும் போனார்கள். ஆறு கிழமைக்கு நாற்றுமேடையில் இலகு வேலை, முழுப்பேர் என்று ஒத்துக்கொண்டார்கள். முந்தி வெட்டிய அரைப்பேர்க் காசு திரும்பக் கிடைக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அக்கா இன்றைக்கு மலையில் நிற்கிறார், நோமும் எடுக்கிறார். அவர் சோம்பேறி இல்லை என்று நிறுவையில் யாரும் இனிச் சொல்லத் தேவையில்லை.

தனியாகப் போயிருந்தால் அவருக்கு அந்த ஆறு கிழமையும் கிடைத்திருக்காது. அதனால் சங்கம் இதைத் தனி ஆள் விஷயமாக விடக்கூடாது. தோட்டத்தில் வைத்திய வசதி செய்வது நிர்வாகத்தின் தர்மம் அல்ல. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டக் காலத்தில் இருந்தே அது கடமை. நாட்சம்பளம் நாள் உழைப்புக்கு. நாள் முழுக்க மலையில் நின்ற ஒருத்திக்கு, நோயால் கிலோ குறைந்தது என்று அரைப்பேர் போடுவதை நாம் ஏற்க முடியாது. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் மூன்று விஷயம் கேட்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். வருஷத்தில் ஒரு நாள் வேலை நேரத்திலேயே எல்லாருக்கும் இரத்தப் பரிசோதனை. அந்த நாளுக்கு முழுப்பேர். இரத்தக் குறைவு என்று டொக்டர் துண்டு தந்தால், தேறும் வரைக்கும் நோம் இல்லாத இலகு வேலை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் யாரையும் கொழுந்தெடுக்க வைக்கக்கூடாது.

கடைசியாக அண்ணன்மாருக்கு ஒன்று. மனைவி மூன்று மாதம் மாத்திரை எடுத்தும், மாலையில் தண்ணீரும் விறகும் அவள் தலையிலேயே இருந்தால் அந்த மாத்திரைக்கும் வேலை கூடுகிறது. குடத்தை நீங்கள் தூக்குங்கள். இன்று இரவு சோறு போடும்போது, நெத்தலியில் ஒரு பங்கை முதலில் அவளுடைய தட்டில் வையுங்கள்.