வேற்றுமை உருபும் ஆங்கில முன்னிடைச்சொல்லும்



ஆங்கிலச் சொற்களுள் உருவத்தால் மிகச் சிறியவையும் தொல்லையால் மிகப் பெரியவையும் எவை என்று எங்கள் பக்கத்து மாணாக்கரைக் கேட்டால், ‘இன்’, ‘ஆன்’, ‘அட்’, ‘பை’, ‘ஃபார்’ என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கிவிடுவர். இவற்றை ஆங்கில இலக்கணத்தார் ‘பிரெபொசிஷன்’ என்பர். முன்னே வைக்கப்படுவது என்பது அப்பெயரின் இலத்தீன் மூலப் பொருள். தமிழில் முன்னிடைச்சொல் எனலாம். வேலூரிலும் ஆம்பூரிலும் நெடுங்காலம் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இச்சொற்களைப் பற்றிச் சிறிது உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை அகற்றிவிட வேண்டும். இத்தகைய சொற்கள் தமிழில் இல்லை; ஆகையால்தான் நாம் இடர்ப்படுகிறோம் என்று பலர் கருதுகின்றனர். தமிழில் அவை உண்டு. ஆனால் பெயருக்குப் பின்னே நிற்கின்றன. ‘மேசைமேல்’ என்று நாம் சொல்வதை ஆங்கிலேயன் ‘ஆன் த டேபிள்’ என்று புரட்டிச் சொல்கிறான். திராவிட மொழிகளின் இவ்வியல்பைக் கால்டுவெல் பெருமகனார் 1856ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலிலேயே விளக்கியிருக்கிறார். அவருக்குப் பன்னூறு ஆண்டுகள் முன்னரே, பவணந்தி முனிவர் நன்னூலில் ஏழாம் வேற்றுமைக்கு மட்டும் 28 உருபுகளை அடுக்கியுள்ளார். கண், மேல், கீழ், உள், முன், பின், புறம் என வரும் அவ்வரிசையைப் படித்தவனுக்கு ஆங்கிலப் பட்டியல் அச்சமூட்டாது.

அவ்வாறாயின் பிழை எங்கிருந்து வருகிறது? ஓர் உருபுக்கு ஓர் ஆங்கிலச் சொல் என்று நேருக்கு நேர் வைத்துக்கொள்வதிலிருந்து வருகிறது. மூன்றாம் வேற்றுமையைப் பாருங்கள். ‘கத்தியால் அறுத்தான்’ என்றால் ‘ஆல்’ கருவியைக் குறிக்கிறது. ‘தொழிலாளியால் அறுக்கப்பட்டது’ என்றால் அதே ‘ஆல்’ செய்தவனைக் குறிக்கிறது. ஆங்கிலமோ கருவிக்கு ‘வித்’ என்றும், செய்தவனுக்குப் ‘பை’ என்றும் பிரித்து வைத்திருக்கிறது. ஆனால் ‘நண்பனோடு வந்தான்’ என்னுமிடத்தில் நாம் உருபை மாற்றுகிறோம். ஆங்கிலம் மறுபடியும் ‘வித்’ என்கிறது. இதில் ஒரு வியப்பு உண்டு. தொல்காப்பியர் மூன்றாம் வேற்றுமைக்கு இட்ட பெயரே ‘ஒடு’ என்பதுதான். வினைமுதலையும் கருவியையும் அவர் அதன்கீழ் அடக்குகிறார். ஆகவே கருவிக்கும் உடனிகழ்ச்சிக்கும் ஒரே சொல் வருவதைக் கண்டு நாம் திகைக்க வேண்டியதில்லை.

எங்கள் ஊர்த் தொழிலே இதற்கு நல்ல பாடநூல். தோல் பதனிடும் சாலையில் தோல் தண்ணீரில் ஊறிக் கிடக்கிறது, அங்கே ‘இன்’. அதைத் தூக்கிச் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறக்குகிறார்கள். இயக்கம் வந்துவிட்டமையால் ‘இன்டூ’. தோலிலிருந்து மயிரை நீக்குகிறார்கள், அங்கே ‘ஃப்ரம்’. முற்காலத்தில் ஆவாரம்பட்டையால் பதனிட்டனர்; இக்காலத்தில் பெரும்பாலும் குரோமிய உப்பால் பதனிடுகின்றனர். பட்டையாயினும் உப்பாயினும் அது கருவிப் பொருளே, ஆகவே ‘வித்’.

இனி நுட்பமான ஓர் இடம். விலங்கின் பச்சைத் தோலையும் பதனிட்ட தோலையும் தமிழில் ‘தோல்’ என்ற ஒரே சொல்லால் வழங்குகிறோம். ஆங்கிலத்தில் மாட்டின் பச்சைத் தோல் ‘ஹைட்’, ஆட்டின் பச்சைத் தோல் ‘ஸ்கின்’, பதனிட்டது ‘லெதர்’. பச்சைத் தோல் தன் இயல்பு மாறி ‘லெதர்’ ஆகிறது; மூலப்பொருள் உருமாறிப் போனதால் ‘மேட் ஃப்ரம்’ என்கிறோம். அந்த லெதரைக் கொண்டு செருப்புத் தைத்தபின் லெதர் லெதராகவே கண்ணுக்குத் தெரிகிறது. ஆகவே ‘மேட் ஆஃப்’. இவ்வேறுபாட்டைத் தோலும் செருப்பும் விளக்குவதுபோல, பள்ளிப் புத்தகங்களில் வரும் திராட்சையும் மரநாற்காலியும் விளக்குவதில்லை என்பது என் கருத்து.

இடத்தைக் குறிக்கும் சொற்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆம்பூரும் வாணியம்பாடியும் ‘ஆன் த பாலார்’ என்று ஆங்கிலத்தில் எழுதினால், ஆற்றின் மீது ஊர் மிதக்கிறது என்பது பொருளன்று. ஆற்றங்கரையை ஒட்டியது என்பதே பொருள். (ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் பாலாற்றில், மேலேயே ஏறி நின்றாலும் கால் நனையாது என்பது வேறு கதை.)

காலத்தைக் குறிக்கும் சொற்களுக்கு வருவோம். ‘மூன்று ஆண்டுகளாக இங்கே வேலை செய்கிறேன்’ என்பதை ‘சின்ஸ் த்ரீ இயர்ஸ்’ என்று மொழிபெயர்க்காத வகுப்பை நான் கண்டதில்லை. எங்கள் பகுதியில் வீட்டில் உருது பேசும் பிள்ளைகள் பலர் உண்டு. உருதுவிலும் உருபு பின்னேதான் வரும். அங்கே ‘ஸே’ என்னும் ஒரே சொல் ‘இலிருந்து’, ‘ஆல்’, ‘முதல்’, ‘ஆக’ என்னும் இத்தனை வேலைகளையும் செய்கிறது. ஆகவே ‘தீன் ஸால் ஸே’ என்று நினைக்கும் பிள்ளை ‘சின்ஸ்’ என்று எழுதுவதில் வியப்பில்லை. ஆனால் தமிழ்ப் பிள்ளைக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. ‘2019 முதல்’ என்றும், ‘மூன்று ஆண்டுகளாக’ என்றும் நாம் தெளிவாகவே பிரித்துப் பேசுகிறோம். ‘முதல்’ வருமிடத்தில் ‘சின்ஸ்’. ‘ஆக’ வருமிடத்தில் ‘ஃபார்’. தாய்மொழியை உற்றுக் கேட்டாலே போதும்.

‘பை’, ‘அன்டில்’ என்னும் இரண்டும் இன்னும் ஆபத்தானவை. ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் எழுத்தராக அமர்ந்த என் பழைய மாணவர் ஒருவர், வெளிநாட்டு வணிகருக்கு எழுதிய கடித வரைவு ஒன்றை என்னிடம் காட்டினார். மார்ச் 15ஆம் தேதிக்குள் சரக்கை அனுப்பிவிடுவோம் என்பது அவர் கருத்து. எழுதியிருந்ததோ ‘அன்டில்’. படிப்பவன், மார்ச் 15 வரை நாள்தோறும் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள் போலும் என்றல்லவா எண்ணுவான்! “தேதி வரைக்கும் அவகாசம் இருக்கிறதே, ஐயா, அதனால் அப்படி எழுதினேன்” என்றார். அவகாசம் ‘வரை’ நீள்கிறது, மெய்தான்; வேலையோ அதற்குள் முடிகிறது. தமிழில் ‘வரை’ என்று சொல்லத்தக்க தொடர்வினைக்கு ‘அன்டில்’. ‘தேதிக்குள்’ என்று சொல்லத்தக்க முடிவினைக்குப் ‘பை’. ‘பதினைந்து நாள்களுக்குள்’ என்றால் ‘வித்தின்’. அவ்விடத்தில் ‘இன்’ என்று எழுதினால், பதினைந்து நாள் கழியும்போது என்று பொருள் கொள்ளப்படலாம்.

கடிதத்தில் ஒரு சொல் பிழைத்தால் என்ன குடி முழுகிப்போகும் என்று கேட்பவர்களுக்கு வங்கியார் விடை வைத்திருக்கின்றனர். ஏற்றுமதிப் பணம் பெரும்பாலும் ‘லெட்டர் ஆஃப் கிரெடிட்’ என்னும் வங்கி உறுதிக் கடிதத்தின் வழியே வரும் இடங்களில், பாரிஸ் நகரிலுள்ள பன்னாட்டு வணிகக் கழகத்தின் விதிகள் ஆள்கின்றன. 2007ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த ‘யு.சி.பி. 600’ என்னும் தொகுதியின் மூன்றாம் விதி, முன்னிடைச்சொற்களுக்கே இலக்கணம் வகுக்கிறது. சரக்கேற்றும் காலத்தைக் குறிக்கையில் ‘ஃப்ரம்’, ‘டு’, ‘அன்டில்’, ‘பிட்வீன்’ ஆகியவை குறித்த தேதியையும் சேர்த்துக்கொள்ளும். ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’ இரண்டும் அத்தேதியை விலக்கிவிடும். ஆகவே ‘பிஃபோர் மார்ச் 15’ என்றிருக்க, 15ஆம் தேதியே கப்பலேற்றினால் காலம் கடந்துவிட்டது. வங்கி பணம் தர மறுக்கலாம். அதே ‘ஃப்ரம்’, பணம் செலுத்த வேண்டிய தவணை நாளைக் கணக்கிடும்போது குறித்த தேதியை விலக்கும் என்றும் அவ்விதியே கூறுகிறது! ‘ஆன் ஆர் அபௌட்’ என்று எழுதினால் அத்தேதிக்கு ஐந்து நாள் முன்பிலிருந்து ஐந்து நாள் பின்வரை, இரு கோடி நாள்களும் உட்பட, 11 நாள்கள் இடம் கிடைக்கிறது. பவணந்தியார் இதைக் கண்டால் மகிழ்ந்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

வேண்டாத இடத்தில் புகுத்துவதும் ஒரு குற்றமே. ‘பற்றி விவாதித்தோம்’ என்று தமிழில் சொல்வதால் ‘டிஸ்கஸ் அபௌட்’ என்று எழுதுகிறோம். ‘டிஸ்கஸ்’ தனித்து நிற்கும் வினை. ‘ரீச்’ என்பதற்குப் பின் ‘டு’ வேண்டாம். ஆனால் ‘லிசன்’ என்பதற்கு ‘டு’ இன்றியமையாதது. இவற்றுக்குக் காரணம் தேடிக் களைப்படைய வேண்டாம். வினையையும் அதன் துணைச்சொல்லையும் ஒரே சொல்லாகக் கருதி ஏட்டில் எழுதி வையுங்கள். வாக்கியத்தின் இறுதியில் முன்னிடைச்சொல் வரலாகாது என்று உங்களை எவரேனும் அச்சுறுத்தினால், அது டிரைடன் என்னும் கவிஞர் 1672இல் பென் ஜான்சனைக் குறைகூறியபோது பரவத் தொடங்கிய எண்ணம் என்றும், 1926இல் ஃபௌலர் தம் அகராதியில் அதை மூடநம்பிக்கை என்று தள்ளினார் என்றும் பணிவோடு சொல்லுங்கள்.

பயிற்சி ஒன்று தருகிறேன். ‘மேட்’ என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொண்டு, எந்த ஊரில் செய்தது, யாரால் செய்தது, எப்பொருள் கொண்டு செய்தது, யாருக்காகச் செய்தது என்று நான்கு வாக்கியங்கள் எழுதுங்கள். பொருளாக உங்கள் காலில் இருக்கும் செருப்பையே கொள்ளலாம்.