மீட்புப் பணம் எவ்வழிப் பாய்ந்தது?

(வேங்கிக்கால் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இவ்வூர்ப் பெயரின் ஈற்றில் நிற்கும் 'கால்' நீர்செல் வழியைக் குறிப்பதென்றே யான் கொள்வேன். வாய்க்காலில் நிற்பதும் அதுவே. மறுப்பார் மறுக்கலாம். நீர்வழியின் பெயர் தாங்கிய ஊரில் நின்று, பணம் எவ்வழிப் பாய்ந்தது என்று வினவ வந்துள்ளேன்.

2020-இல் பெருந்தொற்று உலகை முடக்கிற்று. சென்னைக்கும் பெங்களூருக்கும் கூலிக்குச் சென்ற நம் மாவட்டத்தார் மூட்டையுந் தாமுமாய் ஊர் திரும்பினர். அவ்வாண்டு மே 12-இல் தில்லி அரசு 20 இலக்கம் கோடி உருபா மதிப்பில் மீட்புத் திட்டம் அறிவித்தது. அதனுள் நிலக்கரியை வெளிக்கொணருங் கட்டமைப்புக்கு மட்டும் 50,000 கோடி! ஊர்ப்புறத்து 100 நாள் வேலைக்குக் கூட்டித் தந்ததோ 40,000 கோடி. சூன் 18-இல் 41 நிலக்கரிப் பாளங்களை வணிகத்திற்கென ஏலம் விடவுந் தொடங்கினர். மருந்துக்குக் கொடுத்த காசில் ஒரு பகுதியைக் கள்ளுக்கடையில் வைத்துவிட்டு வருபவனை என்னென்பது?

ஐரோப்பிய ஒன்றியத்தாரும் அந்நாளில் மீட்புப் பணம் ஒதுக்கினர். ஆயின், தமக்குரிய பங்கில் நூற்றுக்கு 37-ஐயேனும் வெப்பப் பெருக்கைத் தடுக்கும் பணிக்கே செலவிடல் வேண்டுமென்று உறுப்பு நாடுகளைச் சட்டத்தாற் கட்டினர். அவர்கள் சொன்னபடி முழுதுஞ் செய்தனரா என்பது வேறு. இங்கு அத்தகைய கட்டே இல்லை.

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். 2021-இல், அதே 100 நாள் வேலையைக் கொண்டு, 30 நாள்களில் 1,121 பண்ணைக் குட்டைகள் இங்கு வெட்டப்பட்டன. தமிழ்நாட்டில் இவ்வேலைக்கு வருவோரில் மிகப் பெரும்பாலார் பெண்களே என்பதையும் நினைவிற் கொள்க. மல்லாட்டைக் கொல்லையின் தாழ்ந்த மூலையில் ஒரு குட்டை இருப்பின், மேல்மண் அடித்துச் செல்லப்படாது. மழைநீர் ஊறிக் கிணற்றுக்குச் சேரும். பூக்குங் காலத்து மழை பொய்ப்பினும் ஒரு தண்ணீர் பாய்ச்சலாம். கூலி வீட்டுக்கும், நீர் நிலத்துக்குமாக ஒரே காசு இருமுறை உழைக்கின்றது. நிலக்கரிக்கு இட்ட காசோ புகையாகி நம் தலைமேலேயே நிற்கும்.

"நிலக்கரியின்றி விளக்கெரியுமா?" என்பர். இன்றே மூடுக என்று யாங் கூறவில்லை. மீட்புக்கென்று ஒதுக்கிய பணத்தை அதன்கண் கொட்டுவானேன் என்பதே என் வினா. 2023-இல் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு என நம் காவிரிப் படுகையே ஏலப் பட்டியலில் ஏறிற்று. தமிழர் கொதித்தெழுந்த பின்னரே நீக்கினர்!

2024 திசம்பர் 1-ஆம் நாளை இம்மலையடியில் யார் மறப்பர்? பெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலைச் சரிவு இடிந்து எழுவர் மண்ணுள் மாண்டனர், ஐவர் சிறார். அச்சரிவில் வீடு எழ விட்டது நம் குற்றந்தான், அதனை மறையேன். ஆயின் கடல் சூடேறினால் புயல் சுமந்துவரும் நீர் மிகும் என்பதும் அறிவியல் காட்டிய உண்மை.

2025 திசம்பரில் நிறைவேறிய புதுச்சட்டம் பழைய வேலைச்சட்டத்தை அகற்றி, செலவில் பத்துக்கு நான்கு பங்கை மாநிலத்தின் தலையில் ஏற்றிற்று. நம் பணமும் அதில் இருப்பதால், எதனை வெட்டுவதென்னும் உரிமையையும் நாம் கேட்டாக வேண்டும். வரும் ஊரவைக் கூட்டத்திலேயே தொடங்குவோம்: வெட்டிய குட்டைகளுள் இன்று நீர் தேங்குவன எத்தனை, தூர்ந்தன எத்தனை? வினாவைத் தாளில் எழுதியே கொணர்ந்துள்ளேன். கையொப்பமிட விரும்புவோர் மேடைக்கு வருக.