எந்த ஊர் நீங்கள்?



லண்டனில் வீடற்றோருடன் ஒரு வருடம் தொண்டாற்றிய எங்கள் மூவரையும் பேசச் சொன்னீர்கள்.

அங்கே 1963இல் சைமன் சமூகம் என்ற பணியை அன்டன் வாலிக்-கிளிஃபர்ட் தொடங்கினார். சிலுவை சுமக்க உதவிய சீமோனின் பெயர் அது. தொண்டரும் வீடற்றவரும் ஒரே கூரையின் கீழ், ஒரே மேசையில். நாங்கள் இருந்த இல்லத்திலும் அதே முறைதான். விடுதியில் வளர்ந்த எங்களுக்கு அது பெரிய விடயமல்ல. இரவில் தேநீரோடு தெருவுக்குப் போவோம். சாப்பாட்டை விட அதிகம் கேட்டது காலுறை. 1995இல் மழைக்குள் இடம்பெயர்ந்தவர்களுக்கு ஏனென்று தெரியும்.

எங்களை வருத்தியது வேறொன்று. "எந்த ஊர்?" என்று நாம் அன்பாய்க் கேட்பதைக் கவுன்சில் அத்தாட்சியோடு கேட்கிறது. கடந்த 12 மாதங்களில் 6 மாதமோ, 5 வருடங்களில் 3 வருடமோ அப்பகுதியில் வசித்திருக்க வேண்டும். அல்லது அங்கே வேலையோ நெருங்கிய உறவோ வேண்டும். தொடர்பு வேறிடத்தில் என்றால் அங்கே அனுப்பிவிடலாம். கடைவாசலில் படுப்பவரிடம் மின்கட்டணச் சீட்டு ஏது? விதானையாரின் கடிதத்துக்கு வரிசையில் நின்ற நமக்கு இது புதிதா?

ஆகவே, அவர்கள் சம்மதத்தோடு, யாரை எந்த இரவில் எங்கே கண்டோம் என்று கொப்பியில் எழுதி வைத்தோம். அதைக் கொண்டு கவுன்சிலுக்குக் கடிதங்கள் எழுதினோம். சிலருக்கு அறை கிடைத்தது. சிலர் இன்னும் அதே வாசலில்.

கொப்பி தொடர்கிறது. லண்டனில் இருக்கும் தங்கைமார் யாராவது எழுத வருவதென்றால், தேநீர் இடைவேளையில் எங்களைப் பிடியுங்கள்.