சாந்தகுணம் கோழைத்தனம் அன்று

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கிறிஸ்தவ வாழ்வில் சாந்தகுணமும் தேவ நம்பிக்கையும் என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். இப்பொருளை ஏற்க முதலில் தயங்கினேன். இச்சொல் நம் மக்கள்மீது பயன்படுத்தப்பட்ட விதத்தை நான் அறிவேன். கூலியை உயர்த்திக் கேட்டவனிடம் ‘சாந்தமாயிரு’ என்றார்கள். ஆலயத்தில் தனக்கு மட்டும் பின்வரிசை ஏன் என்று கேட்டவனிடம் ‘தாழ்மையைக் கற்றுக்கொள்’ என்றார்கள். கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் எதற்கு என்று கேட்டவனிடம் ‘பரலோகத்தில் எல்லாம் சரியாகிவிடும்’ என்றார்கள். இந்த உபதேசம் அடித்தவனுக்குச் செய்யப்படவில்லை, அடிபட்டவனுக்கே செய்யப்பட்டது. ஆகவே நம் இளைஞர்களுள் சிலர் இச்சொல்லையே வெறுக்கின்றனர். அவர்களை நான் குறை கூற மாட்டேன். ஆயினும், பிறர் திரித்துரைத்த பொருளுக்காக நமக்குரிய செல்வம் ஒன்றை நாமே எறிந்துவிடலாகாது என்று வேண்டிக்கொள்ளவே இங்கு நிற்கிறேன்.

வேதம் யாரைச் சாந்தகுணமுள்ளவர் என்று அழைக்கிறது? எண்ணாகமம் 12ஆம் அதிகாரம் மோசேயை மனிதர் எல்லாரிலும் மிகுந்த சாந்தமுடையவராகக் காட்டுகிறது. அந்த மோசே யார்? பார்வோனின் முன் சென்று நின்று, அடிமைப்பட்ட தம் மக்களை விடுவிக்குமாறு திரும்பத் திரும்பக் கேட்டவர். இளமையில் ஓர் எகிப்தியனைக் கொன்று மணலில் புதைத்துவிட்டு ஓடியவரும் அவரே. கோபத்தால் ஒருவனைக் கொன்றபோது ஓர் அடிமைகூட விடுதலை பெறவில்லை. தேவனை நம்பி, கையில் ஒரு கோலுடன் திரும்பி வந்தபோது ஓர் இனமே விடுதலை பெற்றது.

இயேசு பெருமானைப் பாருங்கள். தம்மைச் சாந்தமும் மனத்தாழ்மையும் உடையவர் என்று கூறியவர் அவர். பிரதான ஆசாரியனின் முன்னிலையில் சேவகன் ஒருவன் அவரை அறைந்தான். அவர் திருப்பி அடிக்கவில்லை, வாய்மூடியும் இருக்கவில்லை. தாம் பேசியதில் தவறு இருந்தால் அதை எடுத்துக்காட்டுமாறும், இல்லையேல் அடித்தது ஏன் என்றும் நேருக்கு நேர் வினவினார். யோவான் 18ஆம் அதிகாரத்தில் இதைக் காணலாம். கை ஓங்காமையும் நியாயம் கேட்டலும் ஆகிய இரண்டும் சேர்ந்ததே சாந்தகுணம். ஒன்றை விட்டு ஒன்றைப் போதிப்பது பாதிச் சுவிசேஷம்.

ஒரு சமுதாயம் முழுவதும் இக்குணத்தைக் கைக்கொண்ட நிகழ்ச்சி ஒன்று கடந்த நூற்றாண்டில் நடந்தது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத் தலைநகரான மாண்ட்கோமரியில், பேருந்தின் முன்வரிசைகள் வெள்ளையருக்கு உரியவை. கறுப்பின மக்கள் பின்னால் அமர வேண்டும். வெள்ளையர் நிற்க நேர்ந்தால் எழுந்து இடம் விடவும் வேண்டும். 1955 டிசம்பர் 1 அன்று, தையல் வேலை செய்துவந்த ரோசா பார்க்ஸ் அம்மையார் எழ மறுத்தார். அவர் கைது செய்யப்பட்டார். அன்றிரவே ஜோ ஆன் ராபின்சன் என்னும் கல்லூரி ஆசிரியை, மாணவர் இருவர் துணையுடன் பல்லாயிரம் துண்டுப் பிரசுரங்களைப் படியெடுத்தார். டிசம்பர் 5 முதல் அம்மக்கள் பேருந்தில் ஏறவில்லை. நடந்தார்கள், கார் வைத்திருந்தோர் மற்றவரையும் ஏற்றிச் சென்றார்கள், ஆலயங்களில் கூடி ஜெபித்தார்கள்.

அவ்வியக்கத்திற்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் 26 வயதுப் போதகரான மார்ட்டின் லூதர் கிங். 1956 ஜனவரி இறுதியில் ஒரு நள்ளிரவு, தொலைபேசியில் கொலை மிரட்டல் வந்தது. உறக்கமின்றிச் சமையலறையில் அமர்ந்து, தம் துணிவெல்லாம் தீர்ந்துவிட்டதென்று தேவனிடம் அறிக்கையிட்டு ஜெபித்ததாகப் பின்னர் அவரே எழுதியுள்ளார். அந்த ஜெபத்தில் அச்சம் அகன்றது. சில நாள்களில், ஜனவரி 30 அன்று, அவர் கூட்டத்தில் இருந்தபோது அவர் வீட்டின் முன்தாழ்வாரத்தில் குண்டு வெடித்தது. உள்ளேயிருந்த மனைவியும் கைக்குழந்தையும் காயமின்றித் தப்பினர். சினங்கொண்ட மக்கள், சிலர் ஆயுதங்களுடன், திரண்டனர். சேதமுற்ற அத்தாழ்வாரத்தில் நின்று அவர்களை அமைதியாக வீடு திரும்பச் செய்தார் கிங். ஆனால் போராட்டத்தை நிறுத்தவில்லை. இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 1 அன்று, கறுப்பினப் பெண்கள் சிலரின் பெயரால் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. நவம்பர் 13 அன்று உச்சநீதிமன்றத்தில் வெற்றி கிடைத்தது. 381 நாள்கள் பேருந்தைப் புறக்கணித்தவர்கள், டிசம்பர் 21 அன்று விரும்பிய இருக்கையில் அமர்ந்தார்கள்.

இதில் தேவ நம்பிக்கை செய்த வேலை என்ன? பிரசுரத்தை எழுதியது ஆசிரியை. வழக்கை நடத்தியவர்கள் வழக்கறிஞர்கள். நடந்தவை மக்களின் கால்கள். நம்பிக்கை இவற்றுள் எதற்கும் மாற்றாக வரவில்லை. அது அவர்கள் உள்ளத்திலிருந்து இரண்டை அகற்றியது. ஒன்று அச்சம், மற்றொன்று வெறுப்பு. அஞ்சுகிறவன் பணிந்து போகிறான். வெறுக்கிறவன் பத்தாம் நாளே சீறித் தன் வழக்கைத் தானே கெடுத்துக்கொள்கிறான். முடிவு தேவன் கையில் உள்ளதென்று நம்புகிறவனால்தான் 381 நாள் நடக்க முடியும்.

நமக்கும் நீண்ட நடை உண்டு. பட்டியல் சாதிகளைப் பற்றிய 1950ஆம் ஆண்டு ஆணை இந்துக்களுக்கு மட்டும் என வகுக்கப்பட்டது. 1956இல் சீக்கியருக்கும், 1990இல் பௌத்தருக்கும் அது விரிவாக்கப்பட்டது. கிறிஸ்தவரான நம் மக்களுக்காக 2004இல் உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. எத்தனை மனுக்கள், எத்தனை ஊர்வலங்கள்! சோர்வு வருவது இயல்பே. ஆனால் சோர்வையே சாந்தம் என்று நாம் பெயரிட்டு அழைத்தலாகாது.

மாணவச் செல்வங்களே! நாளை விடுதியிலோ, அலுவலகத்திலோ, ஆலயத்திலோ ஒருவர் உங்களை இழிவாகப் பேசக்கூடும். கை ஓங்காதீர்கள், தலை குனியவும் வேண்டா. ஏன் என்று கேளுங்கள். நாளையும் இடத்தையும் சாட்சிகளையும் குறித்துக்கொள்ளுங்கள், மனுவாக எழுதுங்கள். அதற்கான எழுத்தறிவைத்தான் இக்கழகம் 25 ஆண்டுகளாக உங்களுக்குத் தந்து வந்துள்ளது. இரவில் முழந்தாளிட்டு உங்கள் அச்சத்தைத் தேவனிடம் ஒப்படைத்துவிட்டு, காலையில் மீண்டும் எழுந்து செல்லுங்கள்.

இறுதியாக ஒன்று. மலைப்பொழிவில் சாந்தகுணமுள்ளோருக்கு இயேசு பெருமான் வாக்களித்தது பரலோகத்தை அன்று, பூமியை. பிறர் நிலத்தில் உழைத்து, ஒரு சாண் நிலமும் இன்றி மாண்ட நம் முன்னோரின் பிள்ளைகள் அவ்வாக்கை நன்றாக மனத்தில் கொள்ள வேண்டும்.