வாங்கிக்கொள்ள ஆளில்லாத துணி

(சங்கத்தின் ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரை)



ஆரணிக்காரனை மேடை ஏற்றினால் பட்டைப் பற்றித்தான் பேசுவான் என்பீர்கள். நானும் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். இரண்டாம் ஆண்டில் பரீட்சைக் கட்டணம் கட்ட வீட்டில் பணமில்லை. தறியில் பாவு ஏறாமல் அப்பா சும்மா உட்கார்ந்திருந்த மாதம் அது. "பழைய பட்டுப்புடவை, ஜரிகை வாங்கறது" என்று தெருவில் குரல் கேட்டது. அம்மா பெட்டியைத் திறந்து தன் முகூர்த்தப் புடவையை எடுத்துக் கொடுத்தார்கள். மடிப்பெல்லாம் இற்றுப்போன புடவை. ஆனால் அசல் ஜரிகை. அதிலிருக்கும் வெள்ளிக்கு விலை உண்டு. மறுநாள் நான் கட்டணம் கட்டினேன். பாஸும் ஆனேன், பேராசிரியர்கள் சாட்சி!

போன மாதம் எங்கள் வீட்டு பீரோவை ஒழித்தோம். இரண்டு மூட்டை துணி சேர்ந்தது. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவரைக் கூப்பிட்டேன். தொட்டுப் பார்த்துவிட்டு, "எல்லாம் பாலியஸ்டர் சார், இது துடைக்கக்கூட ஆகாது" என்று போய்விட்டார். புடவையில் மின்னிய ஜரிகையும் பிளாஸ்டிக்தான். என் அம்மாவின் கிழிந்த புடவைக்கு இருந்த மதிப்பு, என் வீட்டுக் கிழியாத துணிக்கு இல்லை.

இதில் எனக்குத் தொழில்முறை அக்கறையும் உண்டு. திருப்பூர்ப் பக்கம் சாயக் கழிவுநீர் சுத்திகரிப்பில் வேலை பார்க்கிறேன். பருத்திக்குச் சாயம் ஏற உப்பு நிறைய வேண்டும். அந்த உப்பு துணியில் தங்காது, தண்ணீரோடு வெளியே வந்துவிடும். நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காக ஒரத்துப்பாளையம் அணையை 1992-இல் கட்டி முடித்தார்கள். அதில் சாயக் கழிவு தேங்கி, விவசாயிகளே "அந்தத் தண்ணீர் வேண்டாம்" என்று சொல்லும்படி ஆயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. இன்று ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்க வேண்டும் என்பது விதி. நீரை மீட்டுவிடலாம். ஆனால் அதற்கு மின்சாரம், விறகு, நீராவி எல்லாம் வேண்டும். கடைசியில் சேறும் கலப்பு உப்பும் மிஞ்சும். அதை எங்கே வைப்பது?

பட்டு மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். இல்லைங்க. ஒரு கிலோ கச்சாப் பட்டுக்கு ஆறேழு கிலோ கூட்டைப் புழுவோடு அவிக்க வேண்டும். பசை நீக்கக் கொதிக்க வைத்தால் எடையில் சுமார் கால்பங்கு கழிவுநீரில் போய்விடும். பாலியஸ்டரோ பெட்ரோலியத்திலிருந்து வருவது. மக்காது. துவைக்கும்போதெல்லாம் நுண்ணிழை உதிரும். உலகில் உற்பத்தியாகும் இழையில் பாதிக்கு மேல் இன்று அதுதான்.

ஆகவே எந்தத் துணியும் சும்மா வருவதில்லை. கேடு பெரும்பாலும் நாம் உடுத்துவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. அதை எத்தனை தடவை உடுத்துகிறோமோ அதனால் வகுத்துப் பாருங்கள். அம்மா வருடத்துக்கு நாலு நாள் என்று முப்பது வருடம் கட்டினார்கள். 120 தடவை. ஒரு பருத்திச் சட்டையை வாரம் ஒருமுறை போட்டால் இரண்டரை வருடத்தில் அதே கணக்கு வந்துவிடும். தள்ளுபடியில் எடுத்து மூன்று தடவை போட்டுக் கடாசும் சட்டைக்கு? வகுத்தலை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது நிர்வாகக் குழுவினர் கோபிக்கக் கூடாது. காலையில் வாசலில் ஆளுக்கொரு டி-சர்ட் கொடுத்தீர்கள். கல்லூரிப் பெயர் அச்சிட்ட பாலியஸ்டர். போன வருடத்ததும் என் வீட்டில் இருக்கிறது, மடிப்புக் கலையாமல். அந்த மூட்டையில் போடவும் மனசு வரவில்லை, போட்டுக்கொள்ளவும் இல்லை.

அடுத்த ஆண்டு டி-சர்ட் வேண்டாம். அந்தப் பணத்தைப் பரீட்சைக் கட்டணம் கட்ட முடியாத மாணவர்களுக்கென்று ஒரு நிதியாக வைப்போம். என் பங்கை இன்றே தலைவரிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். இந்தக் கல்லூரியில் ஒரு பிள்ளைக்காக இன்னொரு அம்மா பெட்டியைத் திறக்க வேண்டாம். அப்படியே திறந்தாலும், இன்றைய புடவையை வாங்க ஆள் வரமாட்டான்.