“எனக்குத் தெரியாது” என்றால் போதுமா?

(சிவகாசியில் நம் அறக்கட்டளை நடத்திய சட்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரை)

 

போதைப்பொருளால் வரும் கேட்டைப் பற்றி நிறையக் கேட்டிருப்பீர்கள். அதைத் தொட்டே பார்க்காத ஒருவர் அந்த வழக்கில் மாட்டிக்கொண்டால், “எனக்குத் தெரியாது” என்று அவர் சொல்வதைக் கோர்ட் எப்படி எடுத்துக்கொள்ளும் என்பதுதான் நான் இன்று பேச வந்த விஷயம்.

இது நம் ஊருக்கு ரொம்பத் தேவை. இங்கிருந்து பட்டாசும் தீப்பெட்டியும் அச்சுச் சரக்கும் ஏற்றிக்கொண்டு நாடு முழுவதும் லாரி போகிறது. திரும்பும்போது ரிட்டர்ன் லோடு பார்த்துத்தான் ஆகவேண்டும். ஆந்திரா, ஒடிசா எல்லைப் பகுதியிலிருந்து கஞ்சா வருவதும் அதே நெடுஞ்சாலையில்தான். இன்னொரு பக்கம் நம் சபராளிகள். வளைகுடாவுக்குப் புறப்படுகிற பிள்ளையிடம் “இதை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்துவிடப்பா” என்று பொட்டலம் கொடுத்து அனுப்புவது நம் வீடுகளில் வழக்கம்.

சாதாரணமாக ஒரு குற்ற வழக்கில், குற்றம் செய்தார் என்பதையும் தெரிந்தே செய்தார் என்பதையும் அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும். 1985-ஆம் ஆண்டு வந்த என்.டி.பி.எஸ். சட்டத்தில் நிலைமை வேறு. அதன் 35-ஆவது பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவருக்கு விஷயம் தெரிந்திருந்தது என்றே கோர்ட் அனுமானிக்க வேண்டும் என்கிறது. தெரியாது என்றால் அதை அவர்தான் காட்ட வேண்டும். 54-ஆவது பிரிவு, பொருள் ஒருவர் கைவசம் இருந்து, அது எப்படி வந்தது என்று அவர் சரியாக விளக்காவிட்டால், குற்றம் செய்தவராகவே கருதலாம் என்கிறது. சந்தேகப்படக் காரணம் இருந்தும் கண்ணை மூடிக்கொண்டவரையும் 35-ஆவது பிரிவு விடுவதில்லை.

தண்டனையும் லேசானது கிடையாது. கஞ்சா 20 கிலோவைத் தாண்டினால் 10 முதல் 20 வருடம் வரை சிறை, குறைந்தது 1 லட்சம் ரூபாய் அபராதம். ஜாமீன் கிடைப்பதும் கஷ்டம்.

அப்படியானால் பிடிபட்டவர் எல்லாரும் குற்றவாளியா? இல்லை. ‘நூர் ஆகா’ வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்கானிஸ்தானைச் சேர்ந்த அவர் 1997-இல் அமிர்தசரஸ் விமான நிலையத்தில் பிடிபட்டார். திராட்சைப் பழ அட்டைப் பெட்டிக்குள் ஹெராயின் மறைத்து வைத்திருந்ததாக வழக்கு. கீழ்க் கோர்ட்டும் ஹைகோர்ட்டும் குற்றவாளி என்றன. 2008-இல் சுப்ரீம் கோர்ட் அவரை விடுதலை செய்தது. இந்தப் பிரிவுகள் செல்லும். ஆனால் பொருள் அவரிடம்தான் இருந்தது, சோதனை முறைப்படி நடந்தது என்ற அஸ்திவாரத்தை அரசுத் தரப்பு முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும், அதன் பிறகுதான் பாரம் குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம் வரும் என்றது.

லாரிக்காரர்கள் இரண்டு தீர்ப்பை மனத்தில் வையுங்கள். பஞ்சாபில் கசகசாக் காய்த்தோல் மூட்டைகளோடு ஒரு லாரி பிடிபட்டது. 2002-இல் சுப்ரீம் கோர்ட், வண்டியில் இருந்தார்கள், மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை மட்டும் வைத்துச் சரக்கு அவர்கள் கைவசம் இருந்தது என்று சொல்ல முடியாது என்று விடுதலை செய்தது. அடுத்த வருடமே, இமாச்சலப் பிரதேசத்தில் ஒரே காரில் சேர்ந்து போனவர்கள் வழக்கில் எல்லாருக்கும் தண்டனை உறுதியானது. அது பொது வாகனமும் இல்லை, அவர்கள் வழியில் லிப்ட் கேட்டு ஏறியவர்களும் இல்லை. யார், யாருடன், எப்படி அந்த வண்டிக்குள் வந்தார் என்பதைத்தான் கோர்ட் பார்க்கிறது.

வண்டி முதலாளிகளும் கேளுங்கள். தெரிந்தே வண்டியை இதற்கு விட்டால் 25-ஆவது பிரிவில் உங்களுக்கும் அதே தண்டனை. வழக்கில் சிக்கிய வண்டியை மீட்க வேண்டுமானால், எனக்குத் தெரியாது என்பதோடு நிற்க முடியாது. நானும் என் டிரைவரும் தகுந்த எச்சரிக்கை எல்லாம் எடுத்திருந்தோம் என்றும் 60-ஆவது பிரிவின்படி காட்ட வேண்டும்.

வெளிநாட்டில் நம் சட்டம் கூட வராது. 2019 ஜூலையில் மும்பையைச் சேர்ந்த இளம் தம்பதி கத்தார் போனார்கள். உறவுக்காரப் பெண் ஒருவர் பயணச் செலவை ஏற்றுக்கொண்டு ஒரு பொட்டலமும் கொடுத்திருந்தார். தோஹா விமான நிலையத்தில் பிரித்தால் 4 கிலோவுக்கு மேல் சரஸ். ஆளுக்கு 10 வருடம் தண்டனை. அந்தப் பெண் சிறையிலேயே பிள்ளை பெற்றார். 2021-இல்தான் விடுதலை. அவர்களைக் காப்பாற்றியது, அந்த உறவுக்காரரோடு பேசிய போன் பதிவும், இங்கே போதைப்பொருள் தடுப்புப் பிரிவு நடத்திய விசாரணையும்தான். அந்தப் பதிவு இல்லாவிட்டால்? யோசித்துப் பாருங்கள்.

ஆகவே, தெரியாது என்பதற்கான சாட்சியை, வம்பு வருவதற்கு முன்னாலேயே சேர்த்து வையுங்கள். லோடு ஏற்றும்போது அனுப்புகிறவர் பெயர், விலாசம், போன் நம்பர், பில், லாரி ரசீது வாங்குங்கள். மூட்டை எண்ணிக்கையைச் சரிபார்த்து, ஏற்றும்போதே போனில் படம் எடுத்து முதலாளிக்கு அனுப்புங்கள். வழக்கத்தைவிட அதிக வாடகை, பில் இல்லாத சில மூட்டை, “பிரிக்காதே” என்ற பேச்சு, இதில் ஒன்று இருந்தாலும் ஏற்றாதீர்கள். வழியில் முன்பின் தெரியாத ஆளை ஏற்றாதீர்கள். நம் ஊரில் ஒரு பட்டாசுப் பெட்டியை உள்ளே என்ன என்று கேட்காமல் ஏற்றுவோமா? அதே ஜாக்கிரதை எல்லாச் சரக்குக்கும் வேண்டும். விமானம் ஏறுகிறவர்கள், சொந்தத் தாய்மாமன் கொடுத்தாலும் பிரித்துப் பார்த்துத் தன் கையால் கட்டுங்கள். அமானிதம் என்றால் உள்ளே இருப்பது தெரிந்து ஏற்பதுதான்.

பிடிபட்டுவிட்டால் ஓடாதீர்கள், ஓடினால் அதையே உங்களுக்கு எதிராகச் சொல்வார்கள். உடம்பைச் சோதிப்பதாக இருந்தால், மாஜிஸ்திரேட் அல்லது கெஜட் அதிகாரி முன்னிலையில் சோதிக்கக் கேட்கும் உரிமை 50-ஆவது பிரிவில் இருக்கிறது. படிக்காத காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். சென்னை வழக்கு ஒன்றில், ‘தூபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு’ என்ற 2020 தீர்ப்பில், இந்தச் சட்டத்தின் அதிகாரிகளிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. உண்மையை முதல் நாளே வக்கீலிடம் சொல்லுங்கள்; சரக்குக் கொடுத்தவர் யார் என்பதை மறைக்காதீர்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று வீட்டார் கலங்க வேண்டாம். காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் பார்க்காமல், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் கொடுக்கும். 15100 என்ற எண்ணுக்குப் பேசினாலே வழி சொல்வார்கள்.

ஜமாஅத்தாருக்கு ஒரு வேண்டுகோள். தெரிந்து செய்தவனுக்காகப் பரிந்து போகாதீர்கள். ஆனால் பேப்பரில் பெயர் வந்த மறுநாளே அந்த வீட்டை ஒதுக்கியும் விடாதீர்கள். அவருக்குத் தெரியுமா, தெரியாதா என்பதைக் கோர்ட் விசாரித்துச் சொல்ல வருடக்கணக்கில் ஆகும். அதுவரை அந்தப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் வீட்டு அரிசியும் நம் பொறுப்பு.